ஜோடி ஆட்டத்தில் மந்திரி கேட்டது

கல்யாணமாகிப் பூனா பக்கம் தாபோடிக்கு வந்த முதல் வருஷத்தில் என் கணவர் என்னிடம் அதிகமாகச் சொன்ன சொல் "இரு". ரோட்டைக் கடக்கக் காலை எடுத்தால் இரு. ரிக்ஷாக்காரர் மீட்டருக்கு மேல் கேட்கிறார் என்று நான் சண்டைக்குக் கிளம்பினால் இரு. ஒரு விஷயத்தைப் பற்றி அவருடைய கருத்து என்ன என்று கேட்டால் அதற்கும் இரு. அதாவது, பொறு, யோசிக்கிறேன், அப்புறம் சொல்கிறேன் என்று அர்த்தம். அந்த அப்புறம் பெரும்பாலும் வந்ததே இல்லை. நானோ திருநெல்வேலியில் பஸ் நிற்பதற்கு முன்பே இறங்கிப் பழகியவள். இந்த ஒரு சொல்லைக் கேட்டாலே எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரியும்.

அவர் பூனாவிலேயே பிறந்தவர். அவருடைய அப்பா ராணுவத்தில் சேர்ந்து வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். வீட்டில் தமிழ் பேசினார்கள் என்று பெயர்தானே தவிர, இவருக்கு வந்து சேர்ந்தது சின்னச் சின்ன வாக்கியங்கள்தான். வா, போ, சாப்பிடு, வேணாம், இரு. கொஞ்சம் நீளமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பாதியில் ஹிந்திக்குப் போய்விடுவார். எனக்கு ஹிந்தி தெரியாது. தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. இந்த லட்சணத்தில் எங்கள் குடித்தனம் ஓடிக்கொண்டிருந்தது, தொண்ணூறுகளின் கடைசியில், காலனியின் இரண்டாவது மாடியில் ஒன்றரை அறையில். அவர் பாதுகாப்புத் துறையில் டிராஃப்ட்ஸ்மன். நான் கணக்கில் பட்டமும் பி.எட்.டும் முடித்துவிட்டு, காலையில் நாலு சப்பாத்தி, சாயங்காலம் நாலு சப்பாத்தி என்று உருட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆவணி மாதம் ஊரிலிருந்து அப்பா ஒரு தபால் அனுப்பியிருந்தார். நான் எப்போதோ வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருந்ததற்கு ஆர்டர் வந்திருந்தது. எங்கள் மாவட்டத்திலேயே அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை வேலை. குறித்த நாளுக்குள் சேர வேண்டும், இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும். தாள் முழுக்கத் தமிழ் என்பதால் நானே அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டார். "ம்" என்றார். பிறகு, "இரு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

ஒரு வாரம் போயிற்று. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. போ என்றிருந்தால் அழுதுகொண்டே போயிருப்பேன், போகாதே என்றிருந்தால் சண்டை போட்டுவிட்டாவது இருந்திருப்பேன். இரண்டும் இல்லாமல் அந்தத் தாள் அரிசி டப்பாவுக்குக் கீழே கிடந்தது. நான் வீட்டை மூன்று முறை ஒட்டடை அடித்தேன். துவைத்ததையே துவைத்தேன். லோக்கல் ரயில் போகும் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்குப் போய் நின்றேன். எனக்கு இங்கே என்ன மதிப்பு என்று தெரியாமல் ஒரு இடத்தில் கால் தரிக்கவில்லை.

அப்போதுதான் கணபதி விழா வந்தது. விழா நடத்தும் காலனி மண்டலில், அதாவது சங்கத்தில், வருஷா வருஷம் கேரம், ரங்கோலி, மியூசிக்கல் சேர் எல்லாம் வைப்பார்கள். செஸ்ஸும் உண்டு. அந்த வருஷம் செஸ்ஸுக்குப் பெயர் கொடுத்தவர்கள் அதிகம், நாள் குறைவு. ஆகவே மண்டலின் காரியதரிசி, ஓய்வுபெற்ற ஸ்டோர்கீப்பர் ஒருவர், தனி ஆட்டம் கிடையாது, எல்லாரும் ஜோடி ஆட வேண்டும் என்று அறிவித்துவிட்டார். என் கணவருக்கு வழக்கமாக ஜோடியாக இருந்தவர் மாற்றலாகிப் போயிருந்தார். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஆடுவியா?" என்று என்னிடம் கேட்டார். நான் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கோப்பை வாங்கியவள் என்பது கல்யாணப் பேச்சின்போது அப்பா சொன்னது, அதை அவர் ஞாபகம் வைத்திருந்திருக்கிறார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஜோடி என்பது வேறு ஆட்டம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பலகை. கட்சிக்கு இரண்டு பேர், ஒருவருக்கு வெள்ளை, மற்றவருக்குக் கறுப்பு. என் கணவர் தன் பலகையில் வெட்டும் காய் என் கைக்கு வந்துவிடும். நகர்த்துவதற்குப் பதிலாக அதைக் காலியாக இருக்கும் எந்தக் கட்டத்திலும் நான் வைக்கலாம். நான் வெட்டுவது அவருக்குப் போகும். இரண்டு பலகையில் எதில் ராஜா மாட்டினாலும் இருவருக்கும் தோல்வி. ஆளுக்கு ஐந்து நிமிஷம், கடிகாரம் வைத்து. ஆடும்போது ஜோடிகள் ஒருவரோடு ஒருவர் பேசலாம். பேசத்தான் வேண்டும். "உன் போர்டை நான் பாக்க முடியாது. வேணும்னா வாய்விட்டுக் கேளு" என்பதுதான் அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். இதை எந்த வாயால் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்த தொடக்கமெல்லாம் ஒழுங்கான தொடக்கம். ராஜா முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளு, குதிரையை வெளியே எடு, மந்திரியை எடு, கோட்டை கட்டு, பிறகு யோசி. முதல் நாள் பந்தலில் பழக்கத்துக்காக ஆடியபோது அப்படித்தான் ஆடினேன். ஒன்பதாவது நகர்வில் என் கோட்டைக்குள்ளேயே ஒரு சிப்பாய் வானத்திலிருந்து வந்து உட்கார்ந்தது. அடுத்து ஒரு குதிரை. ஆட்டம் முடிந்துவிட்டது. நான் கட்டின கோட்டை எனக்கே லாக்கப் ஆகிவிட்டது என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

அவர் ஆபீஸில் மிச்சம் விழும் டிரேசிங் தாளைக் கொண்டுவந்து, பென்சிலால் கட்டம் போட்டு எனக்குத் தொடக்கம் சொல்லிக் கொடுத்தார். வாயால் வராதது கையால் நன்றாக வந்தது. ராஜா பக்கத்து மந்திரிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். ஆட்டம் தொடங்கும்போது அந்தச் சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. ஜோடியில் எல்லா இடியும் அந்தக் கட்டத்தில்தான் விழும். அதனால் நம் பக்கத்தில் அந்தச் சிப்பாயைத் தொடவே கூடாது, எதிராளி பக்கத்தில் முதல் நகர்விலிருந்தே அதன் மேல் கண் இருக்க வேண்டும். குதிரையை லேசில் விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் குதிரை கொடுக்கும் செக்கை நடுவில் காய் வைத்துத் தடுக்க முடியாது. கடைசித் தாளின் ஓரத்தில் சின்னதாக எங்கள் இரண்டு பேரையும் பங்கு பிரித்திருந்தார். எனக்கு வெள்ளை, நான் அடிக்க வேண்டும். அவருக்குக் கறுப்பு, அவர் ராஜா முன் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்திக் கதவைச் சாத்திக்கொண்டு, காய்க்குக் காய் வெட்டி எனக்கு அனுப்ப வேண்டும்.

"நீ அடி. நான் அனுப்பறேன்" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது, மறைப்பானேன்.

நாலு பேர் ஆட்டத்தை இரண்டு பேராகப் பழகுவதற்கு வழி, அவரவர் பலகையில் அவரவரே எதிராளியாகவும் இருப்பது. அப்படி ஆடி நான் என்னிடமே பலமுறை தோற்றேன். பழகும்போது வந்த ஒரே குழப்பம் பெயரில். எங்கள் ஊரில் ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்பது ராணி, அவர்களுக்கு இரண்டு பக்கமும் நின்று குறுக்கே போவது மந்திரி. அவர்களுக்கு ராணியே கிடையாது, அந்த இடத்தில் வஜீர். குறுக்கே போவது ஊண்ட், அதாவது ஒட்டகம். பாலைவனத்தில் சண்டை போடுகிறார்களா என்று கேட்டுச் சிரித்தேன். இரண்டு நாளில் அவர் பழகிக்கொண்டார். நான் மந்திரி என்றால் ஒட்டகத்தை எடுத்துக் கொடுத்தார்.

பழக்கத்துக்கு வராதது உட்காருவது. ஜோடியில் அது ஒரு வித்தை. அடுத்த நகர்வுக்குத் தேவையான காய் கையில் இல்லையென்றால், நகர்த்தாமல் கடிகாரத்தை ஓடவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்துப் பலகையிலிருந்து காய் வரும். வந்ததும் வைத்தால் போதும். "இரு" என்று அவர் சொல்வார். கடிகாரம் டிக் டிக் என்று என் நேரத்தைத் தின்பதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி இருப்பேன்? ஏதாவது ஒரு சிப்பாயைத் தள்ளிவிடுவேன். அவர் காய்களைத் திரும்ப அடுக்குவார்.

ஆனாலும் நாங்கள் ஜெயித்தோம். பந்தலில் முதல் மூன்று சுற்றும் ஜெயித்தோம். நான் "குதிரை" என்பேன், குதிரை வரும். "ரெண்டு சிப்பாய்" என்பேன், இரண்டு சிப்பாய் வரும். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டதெல்லாம் கேட்ட உடனே அந்த மனுஷரிடமிருந்து வந்தது அந்த மூன்று நாள்தான். பந்தலிலிருந்து வீட்டுக்கு வந்ததும் பழையபடி வாய் மூடிக்கொள்ளும். அரிசி டப்பாவுக்குக் கீழே தாள் அப்படியே இருந்தது. பிள்ளையாரைக் கரைக்கும் விசர்ஜன் முடிந்த மறுநாள் டிக்கெட் எடுத்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும் என்று நான் விரல்விட்டு எண்ணி வைத்திருந்தேன். அவரும் எண்ணியிருப்பார் என்றுதான் நினைத்தேன்.

விசர்ஜனுக்கு முந்தின நாள் மத்தியானம் ஃபைனல். எதிரே பக்கத்துப் பிளாக்கிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர், இருவரும் இன்ஜினியரிங் படிக்கிறவர்கள். என் எதிரில் அண்ணன், என் கணவருக்கு எதிரில் தம்பி. உட்கார்ந்ததும் அண்ணன் கையைத் தூக்கிக் காரியதரிசியிடம் ஏதோ சொன்னான். இவர்கள் இரண்டு பேரும் மதராஸி பாஷையில் பேசிக்கொள்கிறார்கள், எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை, இது நியாயமா என்று கேட்கிறான் என்பது முகத்தைப் பார்த்தே தெரிந்தது. காரியதரிசி கொஞ்ச நேரம் மீசையைத் தடவிவிட்டு, ஃபைனலில் எல்லாரும் ஹிந்தியில்தான் பேச வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். என் கணவர் அதை எனக்குத் தமிழில் சொல்லிவிட்டுத் தலையாட்டிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சண்டை போடவும் ஹிந்தி வேண்டுமே.

ஆட்டம் தொடங்கியது. தாளில் போட்டபடிதான் ஆடினேன். ஐந்தாவது நகர்வில் அந்த வட்டம் போட்ட சிப்பாயை வெட்டினேன். ஒரு காய் போனாலும் அண்ணனின் ராஜா தன் ஆட்களுக்கு நடுவே நகர இடமில்லாமல் நின்றுவிட்டான். அந்தக் கட்டம் காலியாயிற்று, என் குதிரை அதற்குக் காவலாக நின்றது. அங்கே ஒரு மந்திரியை வைத்தால் தீர்ந்தது. என் கையில்தான் ஒரு காயும் இல்லை. என் ராஜாவின் நிலைமையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, பக்கத்திலேயே அண்ணனுடைய குதிரை ஒன்று நின்றது.

நகர்த்த வேண்டியது நான். கடிகாரம் ஓடியது.

"ருக்கோ" என்றார் என் கணவர், தன் பலகையைப் பார்த்தபடியே. அதுவும் "இரு"தான் என்பது பஸ் கண்டக்டர் சொல்லிச் சொல்லி எனக்குப் புரியும். ஆனால் அந்த நேரத்தில் அது புரியாத மாதிரி இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும், ஹிந்தியில். ஒட்டகத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் எனக்கு மறந்தே போய்விட்டது. மந்திரி என்பது வடக்கே இருந்து வந்த சொல்தானே, எல்லாருக்கும் பொதுவாகத்தானே இருக்கும் என்று தோன்றியது. கொடு என்பதற்குத் "தோ" என்று தெரியும். "மந்திரி தோ" என்றேன். மறுபடியும், "மந்திரி, மந்திரி தோ."

என் கணவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவர் சிப்பாய்க்குக் குறுக்கே தம்பியின் ஒட்டகம் வெட்டுவதற்கு வாகாக நின்றிருந்தது என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது நான் பார்த்தது அவர் முகத்தைத்தான். "பக்கா?" என்று கேட்டார்.

"பக்கா" என்றேன்.

ஒரு வினாடி தாமதித்தார். அந்த ஒரு வினாடியை என்னால் தாங்க முடியவில்லை. என் கை தானாகப் போய் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிக் கடிகாரத்தையும் தட்டிவிட்டது. அதே நேரத்தில் அவர் தன் வஜீரை எடுத்துத் தம்பியின் வஜீரை வெட்டி, அதை என் உள்ளங்கையில் வைத்தார். நான் அதைப் பார்த்தேன். ராணி. நான் எங்கே கேட்டேன் ராணியை? அதற்குள் தம்பி இவருடைய வஜீரை வெட்டி அண்ணனிடம் நீட்டிவிட்டான். நகர்த்த வேண்டியது இப்போது அண்ணன். என் ராஜாவுக்குப் பக்கத்தில், தன் குதிரையின் காவலில், அந்தக் கறுப்பு ராணியைப் பதமாக வைத்தான். நான் கையில் ஒரு ராணியை வைத்துக்கொண்டு தோற்றேன்.

பந்தலில் கைதட்டினார்கள். காரியதரிசி எங்களுக்கு ஆளுக்கொரு ஸ்டீல் டப்பா கொடுத்தார்.

தூறலில் வீட்டுக்கு நடந்தோம். படி ஏறும் வரை பொறுத்திருந்ததே எனக்கு அதிகம். நான் கேட்டது மந்திரி என்று சொன்னேன்.

"குடுத்தேனே" என்றார்.

"நீங்க குடுத்தது ராணி."

"நீ ஹிந்தில கேட்டே. ஹிந்தில மந்திரின்னா வஜீர்தான். பக்கான்னும் சொன்னே."

வீட்டில் தமிழில் கேட்டபோது சரியாக எடுத்துக் கொடுத்த மனுஷர், ஹிந்தியில் கேட்டதால் ஹிந்தி மந்திரியைக் கொடுத்திருக்கிறார். தப்பு என் பேரில் என்று தெரிந்ததும் எனக்கு இன்னும் கோபம் வந்தது. எதைக் கேட்டாலும் இரு, இரு என்று சொல்லி ஆளைச் சாகடிக்கிறீர்கள், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும் என்றெல்லாம் கத்தினேன். ஆர்டரைப் பற்றி மட்டும் பேசவில்லை. அதை அவரே சொல்ல வேண்டும் என்ற வீம்பு. அவர் ஈரச் சட்டையைக் கொடியில் உலர்த்திவிட்டு உள்ளே போனார். நான் கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்து, புடவைகளை அடுக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் காலையிலேயே டோல் சத்தம் தொடங்கிவிட்டது. குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, விசில் வரும் வரை சும்மா நிற்க முடியாமல் பலகையை எடுத்து முந்தின நாள் நிலையை அடுக்கினேன். இந்த இடத்தில் ஒட்டகம் வந்திருந்தால் ஜெயித்திருப்பேன் என்று அவர் முகத்துக்கு நேரே வைத்துக் காட்ட வேண்டும், அதுதான் என் எண்ணம். மந்திரியை அந்தக் காலிக் கட்டத்தில் வைத்தேன். மேட். எடுத்தேன். பக்கத்தில் ராணி கிடந்தது. அதை வைத்தேன்.

அதுவும் மேட்.

குறுக்கே மந்திரி செய்வதை ராணியும் செய்யும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். கணக்கு டீச்சருக்கு ஒரு ராத்திரி ஆயிற்று. அந்தச் சிப்பாயைத் தள்ளாமல் ஒரு வினாடி இருந்திருந்தால், தப்பாக வந்த காயை வைத்தே ஜெயித்திருப்பேன். அவர் தன்னிடமிருந்த பெரிய காயைக் கொடுத்து வாங்கித் தந்தார், நான்தான் கையை வைத்துக்கொண்டு இருக்கவில்லை. தம்பி அவர் காயை வெட்டும்போதே அவருக்கு இது தெரிந்திருக்கும். நேற்று நான் அவ்வளவு கத்தியும் இதை அவர் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

அவர் டீயோடு வந்து எதிரே தரையில் உட்கார்ந்தார். பலகையைப் பார்த்தார், ராணி நிற்கும் கட்டத்தைப் பார்த்தார். அறையின் நடுவே டிரங்குப் பெட்டி திறந்தே இருந்தது.

வேணும்னா வாய்விட்டுக் கேளு என்று சொன்னவர் அவர். யோசித்துப் பார்த்தால், ஆர்டரை வாசித்துக் காட்டினேனே தவிர, இந்த மூன்று வாரத்தில் நான் எதையும் கேட்கவில்லை. அரிசி டப்பாவுக்குக் கீழேயிருந்து தாளை எடுத்துப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்னங்க, தமிழ்லயே கேக்கேன்" என்றேன். "இந்த ஆர்டரப் பத்தி உங்க மனசுல என்ன இருக்குன்னு நீங்க சொல்லணும். அதுதான் எனக்கு வேணும்."

டீ டம்ளரைக் கீழே வைத்தார். தாளை எடுத்து, தனக்குத் தெரியாத எழுத்துகளை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்தார்.

"இரு" என்றார்.

சரி, யோசிக்கிறார் என்று நான் இருந்தேன். காலை ஆட்டவில்லை, வளையலை உருட்டவில்லை, ஜன்னலுக்குப் போகவில்லை. குக்கர் ஒரு விசில் அடித்தது, இன்னொன்று அடித்தது. அவர் மேற்கொண்டு எதுவும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது விசிலுக்கு என்னால் முடியவில்லை.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் ஒண்ணும் இல்ல. அவ்ளோதான்" என்றார்.

அவருடைய தமிழில் அந்த "இரு" முழு வாக்கியம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.